அமர்வு நோக்கம்

குப்பிக்கு வால் முளைத்திருக்க வேண்டிய இடத்தில் வலி முளைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. முதல் வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற இடத்தில் அது இல்லை. இரண்டாம் வருடம் மனைவியிடம் சொன்னான். மூன்றாம் வருடம் எலும்பு மருத்துவரிடம் போனான்.

ஊரிலுள்ள பதினான்கு சிறு மருத்துவமனைகளில் எடுக்கிற ரத்தத்தையும் மற்றதையும் குப்பிகளில் வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. அதனால் குப்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் மோட்டார் சைக்கிள் மேல். அந்த வண்டியைச் செய்த கம்பெனியில் இன்ஜினுக்கு நூறு பேர் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். சீட்டுக்கு ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பலகைக்கு ரெக்சின் போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "வாலெலும்பு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. ஒண்ணு வேலையை மாத்துங்க, இல்ல சீட்டை மாத்துங்க."

"மாத்திரை ஏதாவது, டாக்டர்?"

"மாத்திரை மேல உக்கார முடியாது தம்பி."

மனைவிக்கு அந்தச் சீட்டோடு வேறொரு பழைய பகை இருந்தது. அதன் பின்பாதி முன்பக்கமாகச் சரிந்திருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் அவள் வழுக்கி வந்து அவன் முதுகில் அப்பிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் இதில் இருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. ஆறு வருடம் கழித்து ஒருநாள் நடுவழியில் இறங்கிக்கொண்டாள்.

"நான் என்ன சினிமா போஸ்டரா, உங்க முதுகுலயே ஒட்டிக்கிட்டு வர? மனுஷி உக்கார்ற மாதிரி என்னைக்கு சீட்டு போடுறீங்களோ, அன்னைக்கு ஏர்றேன்."

அன்றிலிருந்து பஸ். இரண்டு வருடமாக எந்த விருந்துக்கும் அவன் வண்டியில் வந்து இறங்குவான். கால் மணி கழித்து அவள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்றே சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். மாமியார் இரண்டு தடவை சமாதானம் பேச வந்து, சண்டை எதுவும் இல்லாததால் ஏமாந்து திரும்பினார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஞ்சண்ணன் கடைக்குப் போனார்கள். அவன் வண்டியில், அவள் பஸ்ஸில்.

பஞ்சண்ணன் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவர். பெயர்தான் பஞ்சு, ஆள் கல்தூண் மாதிரி இருப்பார். கடை முழுக்க உரித்த சீட்டுகள், நுரைத் துண்டுகள், ரெக்சின் சுருள்கள். குப்பி கறுப்பு போதும் என்றான்.

"கறுப்பு வெயில்ல தோசைக்கல் மாதிரி கொதிக்கும்," என்றார் பஞ்சண்ணன். "பிரவுன் போடுங்க. வைரக் கட்டம் போட்டுத் தைக்கட்டுமா, குழாய்க் கோடு போட்டுத் தைக்கட்டுமா?"

"வைரக் கட்டம்," என்றாள் மனைவி.

"அழகாத்தான் இருக்கும். ஆனா தையல் உறுத்தும் தாயி. சிலபேரு அழகுக்குன்னு சீட்டு போட்டுட்டு நின்னுக்கிட்டே ஓட்டுறான். ஒண்ணு செய்யலாம். ஓரத்துல வைரக் கட்டம், உக்கார்ற இடத்துல வெறும் ரெக்சின். பாக்குறவனுக்கு ஓரம், உக்கார்றவனுக்கு நடுவு."

"பின்னாடி சரியக் கூடாது."

"படி வச்சுக் கட்டிடுறேன். மலை சரிஞ்சாலும் நீங்க சரிய மாட்டீங்க."

பிறகு ஈர மணல் மூட்டை ஒன்றைக் கடை வாசலில் போட்டு இருவரையும் ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். அளவு எடுப்பதற்கு அவருக்கு அதுதான் வழி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். குப்பி எழுந்ததும் பஞ்சண்ணன் குனிந்து மணலில் இருந்த பள்ளத்தைக் கைரேகை பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்தார்.

"இடப்பக்கம் சாஞ்சு உக்கார்றீங்க. ரொம்ப நாளா கஷ்டப்பட்டிருக்கீங்க தம்பி," என்றார். குப்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பகுதியைப் பற்றி அவனிடம் இவ்வளவு பரிவாக யாரும் பேசியதில்லை.

பழைய சீட்டின் அடித்தகட்டை எடுத்து, அதன் மேலேயே புதிய நுரையை ஏற்றினார். கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"இது உருவம் புடிக்கிற நுரை. முதல் நாப்பது நாள் யாரு உக்கார்றாங்களோ அவங்க உருவத்தைப் புடிச்சுக்கும். அப்புறம் இறுகிடும், எவன் வந்தாலும் மாறாது. அதுவரைக்கும் வேத்தாளை உக்கார விட்றாதீங்க."

மூன்று நாள் குப்பி ராஜாவாகத் திரிந்தான். நான்காம் நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போவதாகத் திட்டம். மூன்றாம் நாள் மாலை நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

காவலர் வண்டிப் புத்தகத்தைப் பிரித்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "இருக்கை: கறுப்பு, தட்டை, ஒன்றுன்னு போட்டிருக்கு. இது என்ன?"

"பிரவுனுங்க. படி வச்சது."

"நல்லாத்தான் இருக்கு," என்று தட்டிப் பார்த்தார். "ஒப்புதல் வாங்கிருங்க. இல்லேன்னா வண்டியைப் புடிச்சுருவேன்."

*

இருக்கை மாற்ற ஒப்புதல் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கூடத்தில் எழுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. சுவரில் அறிவிப்பு: 'பொதுமக்களுக்கான இருக்கைகள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன. சிரமத்துக்கு வருந்தவில்லை.' கடைசிச் சொல் எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்று குப்பி நினைத்தான். இல்லை என்று போகப் போகத் தெரிந்தது.

முகப்பு எழுத்தர் மனுத்தாளை நீட்டினார். நான்கு பக்கம். குப்பி சுவரில் வைத்து நிரப்பிக் கொடுத்தான். எழுத்தர் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அமர்வு நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுதியிருக்கீங்க?"

"உட்காருவதற்குன்னு எழுதியிருக்கேன் சார்."

"காரணம் தெளிவா இல்ல."

"சீட்டு, உக்காரத்தானே சார்?"

"அப்படி எல்லாரும் உக்காரணும்னு கிளம்பிட்டா நாடு எங்க போகும்? மாத்தி எழுதிட்டு வாங்க."

குப்பி 'வண்டி ஓட்டும்போது கீழே விழாமல் இருப்பதற்கு' என்று எழுதினான். எழுத்தர் அதை இரண்டு முறை படித்து, "இது பரவாயில்ல. பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருக்கு," என்று உள்ளே அனுப்பினார்.

உள்ளே அளவை ஆய்வாளர் இருந்தார். ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரலில் வெல்வெட் உறை மாட்டியிருந்தார். இருக்கையின் மென்மையை அளக்க அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே கருவி அந்தக் கட்டைவிரல்தான். அவர் விடுப்பில் போனால் அளவை நின்றுவிடும். ஒருமுறை கதவிடுக்கில் விரல் நசுங்கி, நான்கு மாதம் ஊரில் யாருக்கும் மென்மை என்பதே இல்லாமல் போயிருக்கிறது.

உறையைப் பக்தியோடு கழற்றி, வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சீட்டில் விரலை ஊன்றினார். விரல் முழுசாக உள்ளே போனது. ஆய்வாளரின் முகம் மாறியது.

"நகம் வரைக்கும்தான் அனுமதி. இது ரெண்டாவது கணு தாண்டிப் போகுது. இது சீட்டு இல்லைங்க. மெத்தை."

"வாலெலும்பு வளைஞ்சிருக்கு சார். டாக்டர் சொன்னாரு."

"எலும்பு எங்க பிரிவுல வராது. நாங்க தோல் வரைக்கும்தான்," என்று ஆய்வாளர் வருத்தத்தோடே சொன்னார். கெட்டவர் இல்லை அவர். விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்ததில் மற்றதற்கு இடம் இல்லாமல் போய்விட்ட மனிதர். "கண்காணிப்பாளர்தான் முடிவு சொல்லணும். வாங்க."

கண்காணிப்பாளர் அகலமான மனிதர். குறுகலான மர நாற்காலியில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத்துக்கு மாறிக்கொள்வார். முழுசாக உட்கார அந்த நாற்காலியில் இடமில்லை. மாதத்தில் மூன்று நாள் சாலை ஒழுக்க முகாமில் நாலு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவர் என்பதால், இரண்டு பேர் கேட்டாலும் மேடைப் பேச்சுதான்.

"இந்த அலுவலகம் திறந்து பத்தொன்பது ஆண்டுகள்," என்று தொடங்கினார். "இதுவரை ஒரே ஒரு இருக்கைக்குக்கூட நாங்கள் ஒப்புதல் கொடுத்ததில்லை. ஆகவே, நாங்கள் ஒப்புதல் கொடுத்த இருக்கையால் ஒரே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. இந்தச் சாதனை வேறு யாருக்கு உண்டு?"

யாருக்கும் இல்லை என்று குப்பி ஒத்துக்கொண்டான்.

"சுகம் என்பது தூக்கத்தின் முதல் படி. தூக்கம் என்பது விபத்தின் முதல் படி. விபத்து என்பது எதன் முதல் படி? சொல்லுங்கள்."

"சாவோட முதல் படிங்களா சார்?"

"எழுத்து வேலையின் முதல் படி! ஒரு விபத்து நடந்தால் பதினொரு அறிக்கை எழுத வேண்டும். அதனால்தான் சுகத்தை வாசலிலேயே மறிக்கிறோம். இதில் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை, அதிகாரி குடிமகன் பார்ப்பதில்லை. விதிக்கு முன்னால் எல்லா ஆசனமும் ஒன்றே! பதிவேட்டில் இருப்பதே நடந்தது. பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தின் மேல்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது."

பேசி முடித்து, களைத்து, பழக்க தோஷத்தில் உட்கார இடம் தேடினார். ஆய்வாளர் சீட்டை இரண்டு இரும்புப் பெட்டிகள் மேல் வைத்திருந்தார். அது நாற்காலியைவிடப் பக்கத்தில் இருந்தது. கண்காணிப்பாளர் அதன் மேல் உட்கார்ந்தார்.

அவர் கண்கள் மெல்ல மூடின. பத்தொன்பது ஆண்டுகளாக ஒருபக்கமாகவே இருந்த ஒரு மனிதர் இரண்டு பக்கமாகவும் ஆனார்.

"இதை," என்றார் கண்ணைத் திறக்காமல், "விரிவான சோதனைக்கு உட்படுத்த வேண்டும். விதிப்படி நாற்பது நாள்."

நாற்பது என்ற சொல்லைக் கேட்டதும் குப்பி முன்னால் வந்தான். "சார், இந்த நுரை ஒரு மாதிரிங்க. நாப்பது நாள் யாரு உக்கார்றாங்களோ அவங்க உருவத்தைப் புடிச்சுக்கும்..."

"அதனால்தான் பொறுப்புள்ள ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது."

சீட்டு பெறப்பட்டதற்கான ரசீது ஒன்று கொடுத்தார்கள். குப்பி அதோடு கீழே இறங்கி வந்து, சீட்டு இல்லாத வண்டியின் முன்னால் நின்றான்.

*

பழைய சீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. அதன் அடித்தகடுதான் கண்காணிப்பாளருக்கு அடியில் இருந்தது. குப்பி ஒரு சாக்கை நாலாக மடித்து வண்டியின் இரும்புச் சட்டத்தில் கட்டிக்கொண்டான். பாதித் தூரம் நின்றுகொண்டே ஓட்டினான். வாலெலும்பு இப்போது வலிக்கவில்லை; பேசியது.

மறுநாளே நாற்சந்தியில் காவலர் கையைக் காட்டினார். "சீட்டு எங்க?"

குப்பி ரசீதைக் காட்டினான்.

"இது சீட்டுக்கு ரசீது. நான் கேக்குறது சீட்டு இல்லாததுக்கு. இருக்கை இல்லாத வாகனம், பிரிவு பன்னெண்டு." குற்றச்சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "ஏழு சேர்ந்தா சாலை ஒழுக்க முகாம். மூணு நாள். பாத்துக்குங்க."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"பலகையில உக்கார வச்சுப் பேசுவாங்க. போன தடவை ஒருத்தன் சிறைக்கே அனுப்பிருங்கன்னு கெஞ்சினான்."

ஆய்வகத்திலும் நிலைமை சரியில்லை. சாக்கு மேல் வந்த ரத்தம் குலுங்கிக் குலுங்கி நுரைத்துப்போனது. ஆய்வக மேலாளர் அம்மா ஒரு குப்பியை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது ரத்தமா, சோடாவா? ஆஸ்பத்திரியிலேருந்து தினம் திட்டு வாங்குறேன். நீங்க ஒரு நாள் லீவு போட்டாலும் சரி, இன்னும் ஒரு மாசத்துல இந்த நுரை நிக்கலேன்னாலும் சரி, வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

மூன்று நாள் முகாம் என்றால் வேலை போய்விடும். வேலைக்குப் போனால் வழியில் குற்றச்சீட்டு கிடைக்கும். குற்றச்சீட்டு சேர்ந்தால் முகாம். குப்பி இதை ஒரு தாளில் வட்டமாகப் போட்டுப் பார்த்தான். வட்டத்தில் நுழைய வழி இருந்தது. வெளியே போகத்தான் இல்லை.

வாரம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் எட்டிப் பார்த்தான். முதல் வாரம் கண்காணிப்பாளர் சீட்டில் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் கோப்பு மடியில் இருந்தது, பார்வை கூரையில் இருந்தது. மூன்றாம் வாரம் கோப்பு முகத்தின் மேல் இருந்தது. நாலு மணிக்கெல்லாம் கிளம்புகிறவர் இப்போது ஆறு மணிக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று எழுத்தர் பெருமையாகச் சொன்னார். "கடமை உணர்ச்சி! சோதனை அறிக்கை எழுதக்கூட நேரமில்லாம சோதனை பண்ணிக்கிட்டிருக்காரு."

நான்காம் வாரம் மனைவியும் வந்தாள். கதவிடுக்கில் பார்த்தாள். முன்பாதியில் கண்காணிப்பாளர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பாதியில், அவளுக்கென்று படி வைத்துக் கட்டிய இடத்தில், அவருடைய மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருந்தது.

"எனக்குன்னு தைச்ச இடத்துல டப்பாவா?" என்றாள். "ரெண்டு வருஷம் பஸ்ஸுல தொங்கினது இதுக்கா?"

"மெதுவா பேசு. சோதனை நடக்குது."

"குறட்டை கேக்குது. அதுவும் சோதனையில சேர்த்தியா?"

"சேர்த்திதான்மா," என்றார் எழுத்தர். "ஒலிச் சோதனை."

முப்பத்தெட்டாம் நாள் குப்பிக்கு ஏழாவது குற்றச்சீட்டு கிடைத்தது. காவலரே வருத்தப்பட்டார். "எனக்கும் கை வரலைங்க. தினம் பாக்குற ஆளு. ஆனா புத்தகத்துல தாள் மிச்சம் இருக்கே." முகாம் அடுத்த திங்கட்கிழமை.

*

நாற்பதாம் நாள் குப்பியும் மனைவியும் அலுவலகத்துக்குப் போனார்கள். மனைவி ஏழு குற்றச்சீட்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவற்றைக் காட்டி அழுது பார்ப்பதாக ஏற்பாடு. அழுகையில் அவன்தான் தேறியவன் என்பதால் அந்தப் பொறுப்பு அவனுக்கு.

அதற்கு வேலையே இருக்கவில்லை. ஆய்வாளர் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார்.

"சோதனை முடிஞ்சுது. கடைசியா ஒண்ணே ஒண்ணு. விதி முப்பத்தொண்ணு: மாற்று இருக்கை, உரிமையாளரின் அமர்வு அச்சோடு பொருந்த வேண்டும். எவனாவது அடுத்தவன் சீட்டைக் கொண்டாந்துருவான்னு முன்னெச்சரிக்கையாப் போட்ட விதி. இதுல உக்காருங்க."

தரையில் களிமண் பரப்பிய பெரிய தட்டு ஒன்று இருந்தது. குப்பி உட்கார்ந்து எழுந்தான். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவனுடைய அச்சை ஒருவர் குனிந்து பார்த்தார். ஆய்வாளர் கவராயத்தால் அளந்தார். பிறகு கண்காணிப்பாளரை எழுந்து நிற்க வேண்டினார். நான்கு நாள் கழித்து எழுந்தவர்போல அவர் எழுந்தார். ஆய்வாளர் சீட்டை அளந்தார். மறுபடி களிமண்ணை. மறுபடி சீட்டை.

"பொருந்தலை," என்றார். "அகலம் இரட்டிப்பா இருக்கு. இந்தச் சீட்டு உங்களது இல்ல!"

"சார், அது என் சீட்டுதான்! பஞ்சண்ணன் தைச்சது!"

"பத்தொன்பது வருஷமா இதுக்காகத்தான் காத்திருக்கேன்," என்று ஆய்வாளர் கவராயத்தை உயர்த்தினார். "ஒரு இருக்கைத் திருட்டு! கதவைச் சாத்துங்க! உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடிக்காம யாரும் வெளிய போகக் கூடாது!"

சீட்டு நாற்பது நாளாக இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாததால் உரிமையாளரும் கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பது அவர் தர்க்கம். வரிசையாக எல்லோரையும் களிமண்ணில் உட்கார வைத்தார். எழுத்தர் உட்கார்ந்தார். துப்புரவு செய்யும் அக்கா, "கூட்டிப் பெருக்குறவளுக்கு உக்கார ஒரு வாய்ப்பு வந்துதே," என்று சொல்லி உட்கார்ந்தார், எழுந்திருக்கத்தான் மனமில்லை. கூடத்தில் நின்ற எழுபது பேரும் உட்கார்ந்தார்கள். அந்த அலுவலகத்தில் பொதுமக்களுக்கு இருக்கை கிடைத்தது அன்றைக்குத்தான். யாருடைய அச்சும் பொருந்தவில்லை.

கடைசியில் ஒருவர் மட்டும் பாக்கி.

"என்னையா?" என்றார் கண்காணிப்பாளர்.

"விதிக்கு முன்னால எல்லா ஆசனமும் ஒண்ணுதான்னு நீங்கதானே சார் சொல்வீங்க," என்றார் ஆய்வாளர். அவர் குரலில் துளி நையாண்டி இல்லை. அவருக்கு அது வராது.

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். தட்டு ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது. ஆய்வாளர் அளந்தார், மயிரிழைகூட மாறாமல் பொருந்தியது.

"நான் சோதனைக்காக உட்கார்ந்தேன், முட்டாள்!"

"அப்ப அறிக்கை இருக்கணுமே சார்." ஆய்வாளர் சோதனைப் பதிவேட்டைப் புரட்டினார். நாற்பது நாளும் வெறும் தாள். ஒரு பக்கத்தில் மட்டும் குழம்புக் கறை. "பதிவேட்டில் இல்லாதது நடக்கலை சார். அப்ப சீட்டு உங்களது. விதி முப்பத்திரண்டு: இருக்கை யாருடையதோ, வாகனமும் அவருடையது." குப்பி மேசையில் வைத்திருந்த வண்டிப் புத்தகத்தை இழுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் குப்பியின் பெயரை அடித்து, தன் மேலதிகாரியின் பெயரை எழுதினார்.

சீட்டுக்கு ஒப்புதல் கேட்க வந்து வண்டியே போய்விட்டது. இனி ரத்தத்தை நடந்துபோய்த்தான் சேர்க்க வேண்டும். அழுவதற்கு இதுதான் சரியான சமயம் என்று வாயைக் கோணினான்.

மனைவி அவன் கையை அழுத்தினாள்.

"வண்டி இவருதுதானே சார்?" என்று கண்காணிப்பாளரைக் காட்டி ஆய்வாளரைக் கேட்டாள்.

"சந்தேகமே இல்லைம்மா. விதி."

"இந்த நாப்பது நாளும் இவருதுதானா?"

"நாப்பது நாளும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். ஏழு குற்றச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாக, சீட்டுக்கட்டு போடுவதுபோல மேசையில் வைத்தாள். "அப்ப இதெல்லாம் இவரோடதுங்க. எல்லாத்துலயும் 'வாகன உரிமையாளர்'னுதான் போட்டிருக்கு. ஏழு இருக்கு. திங்கக்கிழமை முகாம்."

ஆய்வாளர் எண்ணிப் பார்த்து, மரியாதையாகக் கண்காணிப்பாளர் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்குத்தான் சார்."

கண்காணிப்பாளர் ஏழு தாள்களையும் பார்த்தார். அவர் முகாமைப் பற்றி நன்கு அறிந்தவர். அந்தப் பலகைகளை வாங்கியதே அவர்தான். இழைத்த பலகையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, இழைக்காததை வரவழைத்தவர்.

"இந்த வண்டி எனக்கு வேண்டாம்! இவருக்கே கொடுத்துவிடுகிறேன்!"

"தாராளமா கொடுக்கலாம் சார். விட்டுக்கொடுப்புக் கடிதம் எழுதணும். ஆனா ஒப்புதல் ஆகாத இருக்கையோட வண்டியைக் கைமாத்த முடியாது. முதல்ல ஒப்புதல்ல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ஒப்புதல் முத்திரையைத் தேடி எடுத்தார்கள். பத்தொன்பது ஆண்டு தொடாததால் மை காய்ந்துபோயிருந்தது. எழுத்தர் அதைத் தேநீரில் நனைத்துக் குத்தினார். வண்டிப் புத்தகத்தில் பழுப்பாக விழுந்தது: 'ஒப்புக்கொள்ளப்பட்டது.' விட்டுக்கொடுப்புக் கடிதமும் எழுதி வாங்கி, ஆய்வாளர் குப்பியின் பெயரை மறுபடி எழுதினார்.

"குற்றச்சீட்டு?" என்றார் கண்காணிப்பாளர்.

"அது அப்போதைய உரிமையாளருக்கு சார். அது கைமாறாது. விதி முப்பத்திமூணு. நீங்க எழுதினதுதான்."

*

சீட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பஞ்சண்ணன் கடைக்குப் போனார்கள். பஞ்சண்ணன் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இறுகிடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. பிரிச்சுத் தைக்கலாம்."

"தைச்சா மறுபடி ஒப்புதல் வாங்கணும்ணே."

"அப்ப உக்காந்து பாருங்க. வேற என்ன வழி?"

குப்பி பயந்துகொண்டே உட்கார்ந்தான். கண்காணிப்பாளரின் அகலமான பள்ளம் அவனை இரண்டு பக்கமும் தொடையில் தாங்கிக்கொண்டது. நடுவில் வாலெலும்பு எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அது வாயை மூடியது.

"என்ன ஆச்சு? ஏன் அழுறீங்க?" என்றாள் மனைவி.

"வலிக்கலை."

பஞ்சண்ணன் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார். "இந்த அச்சு என் கையில வராது தம்பி. இதுக்குன்னு பொறந்த ஆளு வேணும்."

மனைவி பின்னால் ஏறினாள். டப்பா உட்கார்ந்திருந்த வட்டப் பள்ளத்தில் சரியாக இறங்கினாள். தெருமுனை வரை போய் அவன் வேண்டுமென்றே ஓங்கிப் பிரேக் போட்டான். அவள் இம்மியும் நகரவில்லை.

"நல்லா புடிச்சு வைக்குது," என்றாள். "குழம்பு வாசனைதான் வருது. பரவாயில்ல, போங்க."

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு ஒரு சொட்டு நுரைக்காமல் ரத்தம் போய்ச் சேர்ந்தது. மேலாளர் அம்மா குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே வைத்தார். அவர் அகராதியில் அது பாராட்டு.

மதியம் மனைவியை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் முகாம் நடக்கும் கட்டடம் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே முதல் பலகையில் கண்காணிப்பாளர் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். மேடையில் யாரும் இல்லை. பேச வேண்டியவர் கேட்க வேண்டியவராகிவிட்டதால், போன மாதப் பேச்சை ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்தார்கள். 'சுகம் என்பது தூக்கத்தின் முதல் படி,' என்று அவர் குரல் அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்றரை மணி நேரம் பாக்கி.

அவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டார். வண்டியைக்கூட இல்லை, சீட்டை. பல நாள் பிரிந்திருந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேடைத் தமிழ் எல்லாம் கழன்றுபோய்க் கிசுகிசுத்தார்.

"தம்பி! தம்பி! அந்தச் சீட்டைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க தம்பி. மூணே நாள். திருப்பிக் குடுத்துடுறேன்."

குப்பி வண்டியை நிறுத்தினான். காலை ஊன்றி, கொஞ்ச நேரம் யோசித்தான். மனிதர் வலியில்தான் இருக்கிறார். அந்த வலி எந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"குடுக்கலாம் சார்," என்றான். "எதுக்குன்னு சொல்லுங்க?"

"உக்காரத்தான்யா!"

குப்பி தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினான்.

"காரணம் தெளிவா இல்லையே, சார்."

பின்னாலிருந்து மனைவி அவன் தோளைத் தட்டினாள். அவன் கியரைப் போட்டான்.